13 ஆட்டம், 13 வெற்றி, ஒரு அட்டர்னி ஜெனரல்

[திரை கருப்பு. ஸ்டேடியத்தின் இரைச்சல் மெல்ல ஏறி, சட்டென்று நிற்கிறது.]

2023 டிசம்பர் 3, ஞாயிற்றுக்கிழமை. ஃப்ளோரிடா ஸ்டேட் யுனிவர்சிட்டியோட ஃபுட்பால் டீம் மொத்தமும் டிவி முன்னாடி உட்கார்ந்திருக்கு. அந்த சீசன்ல 13 ஆட்டம் ஆடி, 13-லயும் ஜெயிச்சவங்க. முந்தின நாள் ராத்திரிதான் ஏ.சி.சி. கான்ஃபரன்ஸ் சாம்பியன் ஆனாங்க. கான்ஃபரன்ஸ்னா மீட்டிங் இல்ல, யுனிவர்சிட்டிகள் சேர்ந்து தங்களுக்குள்ள ஆடற ஒரு கூட்டமைப்பு. தேசிய சாம்பியனை முடிவு பண்ற பிளேஆஃபுக்கு 4 டீம்தான். பேர் ஒவ்வொண்ணா வருது. மிச்சிகன். வாஷிங்டன். டெக்சஸ். அலபாமா.

அஞ்சாவது, ஃப்ளோரிடா ஸ்டேட்.

பந்தியில உட்கார வெச்சு, இலை போட்டு, தண்ணி தெளிச்சுத் துடைச்ச அப்புறம், "தம்பி, கொஞ்சம் எந்திரிச்சுக்கோங்க"ன்னா எப்படி இருக்கும்? டெக்சஸும் அலபாமாவும் ஆளுக்கு ஒரு ஆட்டம் தோத்திருந்தாங்க. பெரிய கான்ஃபரன்ஸ்ல ஒரு ஆட்டம்கூடத் தோக்காம சாம்பியனான ஒரு டீமை இந்த 4 டீம் பிளேஆஃப்ல வெளிய நிறுத்தினது அதுதான் முதல் தடவை.

[திரையில்: முட்டை வடிவப் பந்து, தலைக்கவசம்]

புதுசா பாக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: இது மெஸ்ஸி ஆடற ஃபுட்பால் இல்ல. பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஓடி மோதற அமெரிக்க ஆட்டம். அங்க காலேஜ் டீமுக்கு இருக்கிற வெறி நாம நினைக்கிறதைவிடப் பெருசு. அதனாலதான் இந்தக் கதை விளையாட்டுப் பக்கத்தோட நிக்கல.

ரெண்டே நாள். டிசம்பர் 5-ஆம் தேதி ஃப்ளோரிடா கவர்னர் ரான் டிசாண்டிஸ் அடுத்த வருஷ பட்ஜெட் திட்டத்தை வெளியிடறார். மொத்தம் 11,440 கோடி டாலர். அதுக்குள்ள ஒரு சின்ன வரி: இந்த முடிவை எதிர்த்து கேஸ் நடத்த வேண்டி வந்தா செலவுக்கு 10 லட்சம் டாலர். அவர் அப்போ ஜனாதிபதி வேட்பாளர் போட்டியில வேற இருந்தார். போட்டியில இருந்த டிரம்ப் சும்மா இருப்பாரா? ஃப்ளோரிடா ஸ்டேட் வெளிய போனதுக்கு டிசாண்டிஸ்தான் காரணம்னு நக்கலா ஒரு பதிவு போட்டார். மாநிலத்தோட செனட்டர் ரிக் ஸ்காட், அந்த 4 டீமைப் பொறுக்கின தேர்வுக் குழுவோட தலைவருக்கு விளக்கம் கேட்டு லெட்டர் எழுதினார்.

டிசம்பர் 12-ஆம் தேதி விஷயம் நிஜமாவே சட்டத்துக்குள்ள போச்சு. மாநில அட்டர்னி ஜெனரல், அதாவது மாநில அரசோட தலைமைச் சட்ட அதிகாரி, ஆஷ்லி மூடி, பிளேஆஃப் நிர்வாகத்துக்கு ஒரு சிவில் விசாரணை உத்தரவு அனுப்பினாங்க. கேஸ் போடறதுக்கு முன்னாடியே "உங்க பேப்பரை எல்லாம் காட்டு"ன்னு கேட்கிற அதிகாரம் அது. இதுல ஒரு வேடிக்கை: மூடி படிச்சது ஃப்ளோரிடா ஸ்டேட்ல இல்ல, அதோட பரம எதிரியான யுனிவர்சிட்டி ஆஃப் ஃப்ளோரிடாவுல. அதை அவங்களே சொல்லிக்காட்டிட்டுத்தான் விசாரணையை அறிவிச்சாங்க.

[திரையில்: மேஜையைச் சுற்றி 13 நாற்காலிகள்]

சரி, யாரை விசாரிக்கிறாங்க? இதுதான் நிறைய பேருக்குத் தெரியாத இடம். அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுன்னா என்.சி.ஏ.ஏ.ங்கிற அமைப்புதான் எல்லாம்னு நினைப்போம். ஆனா ஃபுட்பாலோட மேல்மட்டத்துக்கு மட்டும் என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப் நடத்தறதே இல்ல. பிளேஆஃபை நடத்தறது ஒரு தனியார் நிறுவனம். அன்னிக்கு நிலவரப்படி 10 கான்ஃபரன்ஸும் நோட்டர் டேம் யுனிவர்சிட்டியும் சேர்ந்துதான் அதுக்குச் சொந்தக்காரங்க. அவங்க நியமிச்ச 13 பேர், டெக்சஸ்ல கிரேப்வைன்னு ஒரு ஊர்ல, ஒரு ஹோட்டல்ல கூடி, ரகசியமா ஓட்டுப் போட்டு வரிசையை முடிவு பண்றாங்க. அந்த 4 டீம் முறையில, உள்ள வந்த ஒவ்வொரு டீமுக்காகவும் அதோட கான்ஃபரன்ஸுக்கு 60 லட்சம் டாலர் போச்சு.

ரகசிய ஓட்டு, பெரிய பணம், போட்டிக்காரங்களே கூட்டாளிங்க. சட்டம் படிச்சவங்களுக்கு இந்த மூணையும் கேட்டாலே மூக்கு வேர்க்கும். அமெரிக்காவுல 1890-ல வந்த ஷெர்மன் சட்டம் என்ன சொல்லுதுன்னா, போட்டிக்காரங்க கூடிப் பேசி வியாபாரத்தை முடக்கக் கூடாது. ஃப்ளோரிடாவுக்கும் அதே மாதிரி தன்னோட சட்டம் இருக்கு. மூடி கேட்ட பேப்பர்களைப் பாருங்க: குழு உறுப்பினர்கள் கான்ஃபரன்ஸ்களோடயும் இ.எஸ்.பி.என். விளையாட்டு சேனலோடயும் என்ன பேசினாங்க, யார் ஓட்டுப் போடாம விலகி நின்னாங்க, என்ன குறிப்பு எழுதினாங்க. சந்தேகத்தோட முனை எங்க இருக்குன்னு புரியுது. பிளேஆஃபோட ஒளிபரப்பு உரிமை இ.எஸ்.பி.என். கையில. அலபாமா ஆடற எஸ்.இ.சி. கான்ஃபரன்ஸோட மொத்த ஆட்டமும் 2024-லேருந்து அதே சேனலுக்கு.

கேட்க ஜோரா இருக்கு. ஆனா ஏ.சி.சி.யோட ஒளிபரப்பும் இ.எஸ்.பி.என்.தான்! ஒரு கடையில ரெண்டு பொருள் விக்கிறவன் ஒண்ணை மட்டும் கெடுக்க ஏன் சதி பண்ணணும்? எனக்கு இந்த வாதம் நொண்டற இடம் அதுதான்.

இன்னும் பெரிய ஓட்டை ஒண்ணு இருக்கு. நவம்பர் 18-ஆம் தேதி ஃப்ளோரிடா ஸ்டேட்டோட குவார்ட்டர்பேக் ஜோர்டன் டிராவிஸுக்குக் கால் முறிஞ்சது. குவார்ட்டர்பேக்னா ஆட்டத்தோட மூளை. அதுக்கப்புறம் ரெண்டு ஆட்டம் ஜெயிச்சாங்க, ஆனா தடவித் தடவித்தான். கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல லூயிவில் டீமை 16-6-னு தாண்டினப்போ ஆடவிட்டது மூணாவது வரிசைப் பையனை. குழுத் தலைவர் பூ காரிகன் சொன்ன காரணமும் இதுதான்: முதல் 11 வாரம் பார்த்த டீம் வேற, இப்ப இருக்கிற டீம் வேற. முக்கியமான ஆட்டக்காரர் இல்லாததைக் கணக்குல எடுக்கலாம்னு குழுவோட விதிமுறையிலேயே எழுதியிருக்கு. அந்த விதி நியாயமா? என்னைக் கேட்டா, இல்ல. ஜெயிச்சதுக்கு மரியாதை இல்லாம, ஜெயிக்கப் போறதை ஜோசியம் பார்க்கிற விதி அது. ஆனா தப்பான தீர்ப்பும் சட்டவிரோதமான கூட்டுச் சதியும் ஒண்ணு இல்ல. 4 இடம்தான்னா அஞ்சாவதா ஒருத்தன் வருஷா வருஷம் இருப்பான்.

[திரையில்: 1984, உச்ச நீதிமன்றத் தூண்கள்]

அப்போ காலேஜ் ஃபுட்பாலை இந்தச் சட்டம் தொட்டதே இல்லையா? தொட்டிருக்கு, பலமாவே. ஒரு சீசன்ல எத்தனை ஆட்டம் டிவியில வரலாம்னு என்.சி.ஏ.ஏ. கட்டுப்பாடு வெச்சிருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா யுனிவர்சிட்டிகள் கேஸ் போட்டு, 1984-ல உச்ச நீதிமன்றத்துல 7-2-னு ஜெயிச்சாங்க. மாறுபட்ட ரெண்டு பேர்ல ஒருத்தர் நீதிபதி பைரன் வைட். சின்ன வயசுல அவரே பெரிய ஃபுட்பால் நட்சத்திரம்! அந்தக் கேஸ்ல ஆட்டம் குறைஞ்சது, விலை ஏறினது, சந்தை சுருங்கினது எல்லாத்தையும் கணக்குப் போட்டுக் காட்ட முடிஞ்சது. "எங்களைக் கூப்பிடல"ங்கிறது அந்த ரகம் இல்ல.

அரசியல்வாதிங்க கொடுத்த சூடு பலிச்ச கதைன்னா, அது பழைய பி.சி.எஸ். முறை மேலதான். கம்ப்யூட்டர் மதிப்பெண்ணும் ஓட்டும் கலந்து ரெண்டே டீமை ஃபைனலுக்கு எடுப்பாங்க. 2008 சீசன்ல யூட்டா 13-0. சீசன் கடைசியில நடக்கிற 'போல்' ஆட்டங்கள்ல ஒண்ணான ஷுகர் போல்ல அலபாமாவையே 31-17-னு அடிச்சாங்க. ஆனா அதுக்கு முன்னாடியே, சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு டீம் எடுத்தப்போ அவங்களுக்கு இடம் கிடைக்கல, ஏன்னா சின்ன கான்ஃபரன்ஸ். யூட்டா அட்டர்னி ஜெனரல் மார்க் ஷர்ட்லெஃப் விசாரணை தொடங்கினார். செனட்டர் ஆரின் ஹேட்ச் 2009 ஜூலையில செனட்ல விசாரணைக் கூட்டமே நடத்தினார். டெக்சஸ் எம்.பி. ஜோ பார்ட்டன், பிளேஆஃப் இல்லாத ஆட்டத்தை தேசிய சாம்பியன்ஷிப்னு விளம்பரம் பண்ணவே கூடாதுன்னு மசோதா கொண்டுவந்தார். 2011-ல அமெரிக்க அரசோட நீதித் துறை, "ஏன் பிளேஆஃப் இல்ல?"ன்னு என்.சி.ஏ.ஏ.வுக்கே லெட்டர் போட்டது. 2012-ல 4 டீம் பிளேஆஃபுக்கு ஒப்புதல் வந்தது.

மிரட்டினதாலதான் வந்ததா? டிவி பணமும் ரசிகர் கோபமும் பெரிய பங்குன்னு நான் நினைக்கிறேன். ஆனா ஒரு வித்தியாசத்தைக் கவனிங்க. யூட்டாக்காரங்க கதவே பூட்டியிருக்குன்னு சண்டை போட்டாங்க. ஃப்ளோரிடாக்காரங்க, கதவு திறந்திருந்தும் தங்களை உள்ள விடலன்னு சண்டை போட்டாங்க. முதல் சண்டையில சட்டத்துக்குப் பிடி இருக்கு.

[திரையில்: ஸ்கோர்போர்டு]

மூடியோட உத்தரவால அந்த 4 டீம் பட்டியல் மாறல. டிசம்பர் 30-ஆம் தேதி ஆரஞ்ச் போல்ல ஃப்ளோரிடா ஸ்டேட் ஜார்ஜியாவைச் சந்திச்சது. முக்கியமான ஆட்டக்காரங்க நிறைய பேர் இறங்கவே இல்ல. ஸ்கோர் 63-3. போல் ஆட்ட வரலாற்றிலேயே இவ்வளவு வித்தியாசத்துல யாரும் தோத்ததில்ல.

ஆனா கோர்ட்டுக்கு நிஜமாவே போன கேஸ் ஒண்ணு இருக்கு. டிசம்பர் 22-ஆம் தேதி, தேர்வுக் குழு மேல இல்ல, தன்னோட சொந்த கான்ஃபரன்ஸான ஏ.சி.சி. மேலயே ஃப்ளோரிடா ஸ்டேட் கேஸ் போட்டது. அதுக்கு முந்தின நாளே ஏ.சி.சி. முந்திக்கிட்டு வட கரோலினாவுல ஃப்ளோரிடா ஸ்டேட் மேல கேஸ் போட்டுடுச்சு. வெளியேறணும்னா கட்ட வேண்டிய தொகையும், ஒளிபரப்பு உரிமையை எழுதிக்கொடுத்த ஒப்பந்தமும்தான் சண்டை. 13-0 எடுத்தும் இந்த கான்ஃபரன்ஸ் பேர் எங்களைக் காப்பாத்தலங்கிற கோபம், வருஷக்கணக்கா புகைஞ்ச பணச் சண்டையைப் பத்த வெச்சது. 2025 மார்ச்ல சமரசம். டிவி வருமானத்தைப் பங்கு போடற கணக்கு மாறிச்சு, வெளியேறும் தொகை வருஷா வருஷம் குறையற மாதிரி ஆச்சு.

இதுக்கு நடுவுல 2024 சீசன் வந்தது. பிளேஆஃப் 12 டீமா பெருசாச்சு. ஃப்ளோரிடா ஸ்டேட் 12 ஆட்டம் ஆடி 2 ஜெயிச்சது.