சுயேச்சைக்கும் ஒரு மேடை

(நூலக வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் நூலகர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் என்னைப் பற்றித் தகுதிக்கு மேலேயே சொல்லிவிட்ட செயலாளர் தம்பி அவர்களே, இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியிருந்தும் என் பேச்சைக் கேட்டுவிட்டே போவேன் என்று உட்கார்ந்திருக்கும் மருத்துவர் ஐயா அவர்களே, பந்தலையும் ஒலிபெருக்கியையும் காசு வாங்காமல் தந்திருக்கும் நண்பர் அவர்களே, எதிரே இருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தரும் வழக்கத்தை இந்த வட்டம் விடாமல் காப்பாற்றி வருகிறது. அதற்காகத் தலைவர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'தோற்றாலும் நிற்பவர்கள்'. தேர்தலில் திரும்பத் திரும்ப நின்று, திரும்பத் திரும்பத் தோற்று, மறுபடியும் வேட்பு மனு வாங்கப் போகிற சுயேச்சைகளைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். பணம், சின்னம், மேடை என்று மூன்றாகப் பிரித்துக்கொண்டு பேசலாம் என்று வந்திருக்கிறேன். என் பேச்சைக் கேட்டிருப்பவர்களுக்கு நான் எந்தப் பழமொழியில் தொடங்குவேன் என்று தெரியும். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

நம் பக்கத்தில் இதற்குப் பெரிய உதாரணம் மேட்டூர் பத்மராஜன். சேலம் மாவட்டம் மேட்டூரில் டயர் பஞ்சர் ஒட்டும் கடை வைத்திருப்பவர், ஹோமியோபதி வைத்தியமும் பார்ப்பவர். 1988இல் மனுப் போட ஆரம்பித்தார். 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் நின்றபோது அதற்கு முன்பே 238 முறை தோற்றிருந்தார். வாஜ்பாயை எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார், நரசிம்ம ராவை எதிர்த்தும் போட்டிருக்கிறார். அவர் வாங்கியதிலேயே அதிகம் 2011இல் சொந்த மேட்டூர்த் தொகுதியில் கிடைத்த 6,273 ஓட்டு. அந்தப் பழைய மனுக்களையும் அடையாள அட்டைகளையும் லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருக்கிறார். வடக்கே பரேலியில் காகா ஜோகிந்தர் சிங் என்று ஒருவர் இருந்தார், துணி வியாபாரி. அவரைத் 'தர்த்தி பகட்' என்பார்கள், மண்ணைப் பிடித்துக்கொண்டவர் என்று பொருள். 300 தேர்தலுக்கு மேல் நின்றவர். 1992 குடியரசுத் தலைவர் தேர்தலில் நான்காவதாக வந்தார்.

இவர்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தால் ஒரு சிரிப்புப் படத்தோடு வரும். டெபாசிட் போச்சு என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவோம். நான் வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்து தேர்தல் வேலை பார்த்தவன். அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவர்கள் முகத்தைப் பார்த்தவன். எனக்கு ஒரு நாளும் சிரிப்பு வந்ததில்லை.

ஒரே ஒரு சம்பவம் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006 சட்டமன்றத் தேர்தல். ஏப்ரல் மாதம், மனுத் தாக்கலுக்குக் கடைசி நாள். காலை 11 மணியிலிருந்து 3 மணி வரைதான் வாங்குவோம். மதியம் இரண்டரை மணிக்கு ஒருவர் வருகிறார். பேருந்து நிலையத்தில் தள்ளுவண்டியில் சுண்டல் விற்பவர். வெள்ளைச் சட்டை, புது வேட்டி, தோளில் துண்டு. வேட்பாளரோடு நான்கு பேர்தான் உள்ளே வரலாம் என்பது விதி. அந்த நான்கு பேரில் இரண்டு பேர் ஆளுக்கொரு பால்பவுடர் டப்பாவைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மேசையில் வைத்தபோது 'ணங்' என்று ஒரு சத்தம். "ஐயா, டெபாசிட்" என்றார்.

மூடியைத் திறந்தால் எல்லாம் சில்லறை. பெரும்பாலும் இரண்டு ரூபாய் நாணயம், நடுவில் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும். அப்போது பொதுப் பிரிவுக்குச் சட்டமன்ற டெபாசிட் 5,000 ரூபாய். தேர்தல் நடத்தும் அலுவலர் கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எண்ணுங்க" என்றார். ஒரு வார்த்தை அதட்டவில்லை. 3 மணிக்குள் அறைக்குள் வந்துவிட்டவரின் மனுவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அவரே எங்களுக்கு எடுத்துச் சொன்னார்.

நானும் இன்னும் இரண்டு பேரும் எண்ண உட்கார்ந்தோம். ஐம்பது ஐம்பது ரூபாயாக அடுக்கி வரிசையாக வைத்துக்கொண்டே போனோம். மேலே மின்விசிறி சுற்றுகிறது. கோப்புகளைத் தள்ளிவிட்டு மேசை முழுக்க நாணயத் தூண். என் விரலெல்லாம் பெருங்காயமும் மஞ்சளுமாக மணந்தது. சுண்டல் விற்ற கையால் வாங்கிப் போட்ட காசு அல்லவா? அவர் எதிரே கைகட்டி நின்றபடி எங்கள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

எண்ணி முடித்தால் 4,996. நாலு ரூபாய் குறைகிறது. மறுபடி எண்ணினோம். அதே 4,996. அறையில் யாருமே பேசவில்லை. அவர் மெல்லத் துண்டின் முனையை எடுத்தார், முடிச்சை அவிழ்த்தார். உள்ளே இரண்டு இரண்டு ரூபாய் நாணயம். ஊருக்குத் திரும்பிப் போக வைத்திருந்த பேருந்துக் காசு. வைத்தார். ரசீது போட்டுக் கொடுத்தோம். அப்புறம் உறுதிமொழி எடுக்க வேண்டும். கடவுளறிய என்றும் சொல்லலாம், உளமாற என்றும் சொல்லலாம். அவர் உளமாற என்று சொன்னார். அந்த அறையில் எத்தனையோ பேர் உறுதிமொழி எடுத்துக் கேட்டிருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன், ஏன் அண்ணே இவ்வளவு சிரமம் என்று. அவர் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுல பூ விக்கிற பொம்பளைங்க காலையில நாலு மணிக்கு வந்தா ராத்திரிதான் வீட்டுக்குப் போறாங்க. என் வீட்டுக்காரியும் அதுல ஒருத்தி. ஒதுங்க ஒரு இடமில்ல. பகல்ல தண்ணியே குடிக்கிறதில்ல. மனு எழுதி எழுதிப் பாத்தாச்சு. இந்த மனுவை மட்டுந்தான் கட்டாயம் வாங்கிக்கிறீங்க." அதற்கு முந்தின தேர்தலிலேயே மனுப் போட்டிருக்கிறார். முன்மொழிந்த பத்துப் பேரில் ஒருவருக்குப் பக்கத்துத் தொகுதியில் ஓட்டு இருந்ததால் பரிசீலனையிலேயே தள்ளுபடி. இந்த முறை பத்துப் பேரையும் வாக்காளர் பட்டியலில் பாகம் எண், வரிசை எண் பார்த்துத்தான் கூட்டி வந்தேன் என்றார்.

212 ஓட்டு வாங்கினார். 2011இல் மறுபடி நின்றார். டெபாசிட் அதற்குள் 10,000 ஆகியிருந்தது. 640 ஓட்டு. ஆனால் அந்தத் தேர்தலில் இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களும் பேருந்து நிலையத்தில் பேசும்போது பெண்களுக்குக் கழிப்பறை கட்டுவோம் என்று சொன்னார்கள். இருவருமே சொன்னார்கள்! ஒன்றரை வருடத்தில் கட்டடம் வந்தது. கல்வெட்டில் அவர் பெயர் இல்லை. அதைப் பற்றிக் கேட்டேன். "பேரா முக்கியம், தண்ணி வருது" என்றார். எறும்பு ஊரக் கல்லும் தேயும். நான் கண்ணால் பார்த்தேன் ஐயா.

சரி, பணத்துக்கு வருகிறேன். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் டெபாசிட் மக்களவைக்கு 500 ரூபாய், சட்டமன்றத்துக்கு 250 ரூபாய். 1996 வரை அப்படியே இருந்தது. அந்த வருடம் மொடக்குறிச்சியில் என்ன நடந்தது என்று பெரியவர்களுக்கு நினைவிருக்கும். தங்கள் குறை யார் காதிலும் விழவில்லை என்று விவசாயிகள் கூட்டம் கூட்டமாக மனுப் போட்டார்கள். மொத்தம் 1,033 வேட்பாளர்கள். வாக்குச் சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டி வந்தது. வாக்குப்பதிவையே தள்ளி வைத்தார்கள். அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி டெபாசிட்டை 10,000, 5,000 என்று உயர்த்தினார்கள், கட்சிச் சார்பில்லாதவருக்கு முன்மொழிய பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். 2010இலிருந்து 25,000, 10,000. தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினருக்கு அதில் பாதி. செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் பணம் திரும்பி வராது. ஒரு லட்சத்து எண்பதாயிரம் ஓட்டு விழுந்தால் முப்பதாயிரத்தைத் தாண்ட வேண்டும். தள்ளுவண்டிக்காரர் எங்கே தாண்டுவது?

கதவைச் சாத்தினால் கூட்டம் குறையும் என்று நினைத்தார்கள். 2019இல் தெலங்கானா நிஜாமாபாத்தில் 185 பேர் நின்றார்கள், அதில் 178 பேர் விவசாயிகள். மஞ்சளுக்கு வாரியம் வேண்டும், கட்டுப்படியாகும் விலை வேண்டும் என்று கேட்டு நின்றவர்கள். ஒவ்வொருவரும் 25,000 கட்டியிருக்கிறார்கள். ஒரு வாக்குச்சாவடிக்கு 12 வாக்குப்பதிவு இயந்திரங்களை வரிசையாக இணைத்து வைக்க வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில் தேசிய மஞ்சள் வாரியம் தொடங்கப்பட்டது. தலைமையகம் எங்கே என்றால் நிஜாமாபாத்தில். ஈரோட்டுப் பக்கத்து மஞ்சள் விவசாயிகள் யாராவது இங்கே இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

சின்னத்தைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது. மனு வாபஸ் வாங்கும் நாள் முடிந்த பிறகுதான் சுயேச்சைக்குச் சின்னம் கையில் வரும். இரண்டு பேர் ஒன்றையே கேட்டால் குலுக்கல். அதற்குள் மற்றவர்கள் சுவரெல்லாம் எழுதி முடித்திருப்பார்கள். தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார், இன்னும் பத்து நிமிடம் கொடுங்கள் ஐயா. சின்னத்தை விட்டுவிடுகிறேன். நான் வந்ததே மூன்றாவது விஷயத்துக்காகத்தான்.

மேடை. அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்கு வானொலியிலும் தூர்தர்ஷனிலும் பேச இலவச நேரம் உண்டு. சுயேச்சைக்குக் கிடையாது. அங்கீகரிக்கப்பட்ட கட்சி வேட்பாளருக்கு வாக்காளர் பட்டியல் இலவசமாகக் கிடைக்கும். சுயேச்சை காசு கொடுத்து வாங்க வேண்டும். அவர்களுக்கு ஒரு முன்மொழிபவர் போதும், இவருக்குப் பத்துப் பேர். சட்டமன்றத் தொகுதியில் ஒருவர் 40 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்கிறது விதி. அவ்வளவு பணம் எங்கள் சுண்டல்காரருக்கு எந்த ஜென்மத்தில் வரும்? 2015இல் சட்ட ஆணையம் தன் 255ஆவது அறிக்கையில் சுயேச்சைகள் போட்டியிடவே கூடாது என்று பரிந்துரைத்தது. படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. பேச இடம் கொடுக்காமல் வைத்துவிட்டு, இவர்களை யாருக்கும் தெரியவில்லை, அதனால் நிற்க வேண்டாம் என்று சொல்வது என்ன நியாயம்?

நான்கு வருடமாக நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு தொகுதியிலும் தேர்தல் நிர்வாகமே ஒரு பொது மேடை போட வேண்டும். அரசுப் பள்ளி மைதானம் போதும். பிரச்சாரம் முடிவதற்கு முன் ஒரு மாலை. வேட்பாளர் எல்லோரும் ஒரே வரிசை நாற்காலி, ஒரே மைக், ஆளுக்கு ஐந்து நிமிடம். யார் முதலில் என்பதற்குச் சீட்டுக் குலுக்கல். கொடி கிடையாது, மாலை கிடையாது. முப்பது பேர் நின்றால் இரண்டரை மணி நேரம். அதைவிட நீளமாகப் பட்டிமன்றம் கேட்பவர்கள் அல்லவா நாம்? பெரிய கட்சி வேட்பாளர் வரமாட்டார் என்கிறார்கள். வராவிட்டால் அவர் நாற்காலி காலியாகக் கிடக்கட்டும், ஊர் பார்க்கட்டும்.

கூட்டம் வருமா என்று மருத்துவர் ஐயா போன வாரம் கேட்டார். முதல் முறை நூறு பேர் வரட்டும் ஐயா, போதும். எறும்பு ஊரட்டும்.

என் நண்பர், அந்தச் சுண்டல்காரர், 2016இலும் நின்றார், 2021இலும் நின்றார். இப்போது அவர் கேட்பது ஊருக்கு வெளியே இருக்கும் பெண்கள் விடுதிக்குப் போகிற சாலையில் விளக்கு. இரண்டு முறையும் டெபாசிட் போய்விட்டது. மறுபடியும் டப்பாவில் காசு போட ஆரம்பித்துவிட்டார், போன மாதம் பார்த்தேன், பாதிக்கு மேல் நிரம்பியிருக்கிறது.

வாசலில் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்து மேசையில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். பொது மேடை கேட்டுத் தலைமைத் தேர்தல் அதிகாரிக்கு அனுப்பப் போகும் மனு அது. முதல் பக்கத்தில் கோரிக்கை இருக்கிறது, படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகள் போட வேண்டாம், வீட்டில் பெரியவர்களிடம் சொல்லுங்கள். பேனா நூலில் கட்டியிருக்கிறது. வாய்ப்புத் தந்த தலைவர் ஐயாவுக்கும் வாசகர் வட்டத்துக்கும் நன்றி. வணக்கம்.