பட்டா இல்லாத உழவரும் ஊர் இல்லாத அகதியும்

[திரையில்: மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளி, கோதுமை வயல்கள்]

வணக்கம். அரபு - யூதப் பகை என்றதும், "அது ஆபிரகாம் காலத்துச் சண்டை" என்று பலரும் பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 1492இல் ஸ்பெயின் யூதர்களைத் துரத்தியபோது அடைக்கலம் தந்தது முஸ்லிம்கள் ஆண்ட உதுமானியப் பேரரசுதான். ஜெருசலேமிலும் ஹெப்ரோனிலும் யூதர்கள் அரபியருக்கு அண்டை வீட்டாராகப் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள். சம உரிமை நெடுங்காலம் இல்லை, உண்மைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் பகைக்கு வேர் தேட, நிலப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும்.

1858இல், பாலஸ்தீனத்தை அப்போது ஆண்ட உதுமானிய அரசு நிலச் சட்டம் கொண்டுவந்தது. நிலத்தைப் பதிவு செய்யச் சொன்னது. பாலஸ்தீன உழவர்கள் பலர் பயந்தார்கள். பெயரைக் கொடுத்தால் வரி வரும், மகனைப் பட்டாளத்துக்குப் பிடித்துப் போவார்கள். அதனால் பல ஊர்களின் நிலம் உள்ளூர்ப் பெரிய மனிதர் பெயரிலோ பெய்ரூத் வணிகர் பெயரிலோ ஏறியது. உழுதவர் உழுதுகொண்டுதான் இருந்தார். பட்டா வேறொருவர் பெட்டிக்குள் போய்விட்டது.

அங்கே ரஷ்யாவில், 1881இல் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாந்தர் கொல்லப்பட்டதும் யூதர்கள் மீது வெறியாட்டம் தொடங்கியது. தப்பியவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். சிலர் 1882 முதல் பாலஸ்தீனத்துக்கு வந்தார்கள். 1897இல் தியோடர் ஹெர்ட்சல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் சியோனிச மாநாட்டைக் கூட்டினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் தாயகம் வேண்டும் என்பதே சியோனிசம். நிலம் வாங்க யூத தேசிய நிதியம் உருவானது. விற்கப் பட்டாதாரர்களும் இருந்தார்கள்.

1920களில் பெய்ரூத்தின் சுர்சோக் குடும்பம், தொடக்கத்தில் திரையில் பார்த்த மர்ஜ் இப்னு ஆமிர் சமவெளியில் பெரும் பரப்பை விற்றது. சட்டப்படி செல்லும் கிரயம். ஆனால் தலைமுறைகளாக உழுத குத்தகைக் குடிகள் மூட்டை கட்ட வேண்டியிருந்தது. யூத தேசிய நிதியத்தின் நிலத்தில் யூதர்களே உழைக்க வேண்டும் என்பது விதி. கூலிக்குக்கூட அந்தக் குடிகளால் திரும்ப முடியவில்லை. உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர் குடியேற, எந்தத் தவறும் செய்யாதவர் வெளியேறினார். இதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் கனக்கிறது.

[திரையில்: தட்டச்சுக் கடிதம், 2 நவம்பர் 1917]

இதற்குள் இந்தக் கடிதமும் வந்துவிட்டது. பிரிட்டன் வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் எழுதியது. பாலஸ்தீனத்தில் யூதர்களுக்குத் 'தேசிய இல்லம்' அமைவதை ஆதரிப்பதாக வாக்களிக்கிறது. ஏற்கெனவே அங்கே வாழ்வோருக்குச் சிவில், மத உரிமைகள் உண்டு என்கிறது. அரசியல் உரிமை பற்றிப் பேச்சே இல்லை. கூர்ந்து படியுங்கள்: 'அரபு' என்ற சொல்லே கடிதத்தில் கிடையாது. 'யூதர் அல்லாத சமூகங்கள்', அவ்வளவுதான். 1922 கணக்கெடுப்பில் அந்நாட்டின் மக்கள் ஏறத்தாழ 7,57,000 பேர். அவர்களில் யூதர்கள் 84,000 பேர்.

பிறகு ரத்தம். 1929இல் ஹெப்ரோனில் 67 யூதர்கள் கொல்லப்பட்டார்கள். அன்றும் அரபு அண்டை வீட்டார் சிலர் யூதர்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றினார்கள். 1936இல் அரபுக் கிளர்ச்சி. 1939இல், பாலஸ்தீனத்தை அப்போது ஆண்ட பிரிட்டன், யூதக் குடியேற்றத்துக்கு ஐந்தாண்டுக்கு 75,000 என வரம்பு கட்டியது. ஐரோப்பாவில் 60 லட்சம் யூதர்களை நாஜிகள் கொன்ற ஆண்டுகள் அவை. 1947இல் ஐ.நா. பிரிவினைத் திட்டம், 1948இல் இஸ்ரேல் உதயம், போர்.

[திரையில்: பழைய இரும்புச் சாவி, மடிப்பு விழுந்த காகிதம்]

அந்தப் போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர்கள் வீடிழந்தார்கள். இழப்பு மறுபக்கமும் இருந்தது: 1951இல், ஈராக்கைவிட்டுக் கிளம்பிய யூதர்களின் சொத்துகளை அந்நாட்டு அரசு முடக்கியது. திரையில் தெரியும் இந்தக் காகிதத்தின் பெயர் 'கூஷான்', உதுமானியக் காலத்து நிலப் பத்திரம். பாலஸ்தீன அகதிக் குடும்பங்கள் பல, வீட்டுச் சாவியோடு சேர்த்து இதை இன்றும் பத்திரமாக வைத்திருக்கின்றன.