அந்தக் கண்ணாடியை மாட்டியது யார்?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உலகில் எங்கே போர் மூண்டாலும் அதை வல்லரசுகளின் பலப்பரீட்சையாகவே சீனப் பொதுவெளி பார்க்கிறது. இந்தப் பார்வை என்ற கண்ணாடியை மாட்டிவிட்டது அந்நாடு பட்ட காயமா, அரசின் கட்டுப்பாடா என்பது இன்றைய வழக்கு. அரசின் கட்டுப்பாடே என்று வாதிட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழர் 1999 மே மாதத்தில் அன்றைய யூகோஸ்லாவியத் தலைநகர் பெல்கிரேடில் நடந்ததை நினைவூட்டினார். அமெரிக்கா தலைமையிலான நேட்டோ ராணுவக் கூட்டணியின் குண்டுகள் சீனத் தூதரகத்தின் மேல் விழுந்தன. மூன்று சீனப் பத்திரிகையாளர்கள் மாண்டார்கள். பழைய வரைபடத்தால் நேர்ந்த பிழை என்றது அமெரிக்கா. பெய்ஜிங் மாணவர்கள் அமெரிக்கத் தூதரகத்தின் மீது கல்லெறிந்தார்கள். அத்தனையும் உண்மை. அந்த ஆத்திரத்தை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் புகுந்தபோது, பல சீனர்களின் கண்ணுக்கு ரஷ்ய டாங்கிகளைவிட முதலில் நேட்டோ தெரிந்ததும் அதனால்தான். சண்டைக்குக் கத்தியை எடுத்துக் கொடுப்பது அமெரிக்கா என்பது அங்கே அன்றாடம் புழங்கும் பேச்சு.

ஆனால் காயம் ஒன்றே காரணமென்றால், காயம்பட்ட எல்லோரும் ஒரே மாதிரி அல்லவா பேசியிருக்க வேண்டும்?

போர் தொடங்கி இரண்டு நாள் கழித்து ஒரு கடிதம் வெளிவந்தது. எழுதியவர்கள் ஐந்து சீன வரலாற்றுப் பேராசிரியர்கள்: நான்ஜிங், பீக்கிங், சிங்ஹுவா, ஃபூடான், ஹாங்காங் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தவர்கள். நாமும் ஒரு காலத்தில் போரால் சிதைந்தோம், குடும்பங்களை இழந்தோம், பட்டினியில் மடிந்தோம், நிலத்தை விட்டுக்கொடுத்து இழப்பீடும் கட்டினோம். அதனாலேயே உக்ரைன் மக்களின் வலி நமக்குப் புரிகிறது, ரஷ்யா போரை நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். நடுவர் அவர்களே, எதிரணி பேசுகிற அதே காயம்தான் அந்தக் கடிதத்திலும் பேசுகிறது! அதே காயத்திலிருந்து இரக்கமும் பிறந்திருக்கிறது. அந்தக் கடிதத்துக்கு என்ன கதி நேர்ந்தது? சில மணி நேரத்தில் சீனர்களின் உரையாடல் செயலியான வீசாட்டிலிருந்து அழிக்கப்பட்டது. இரக்கம் இயல்பாகப் பிறக்கவில்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது. பிறந்தது, அழிக்கப்பட்டது.

அடுத்த வாரம், மார்ச் 4. பெய்ஜிங் பறவைக்கூடு அரங்கில் பாராலிம்பிக்ஸ் தொடக்க விழா. சர்வதேச பாராலிம்பிக் குழுவின் தலைவர் ஆண்ட்ரூ பார்சன்ஸ் மேடையேறி அமைதிக்காகப் பேசுகிறார். அரசுத் தொலைக்காட்சியில் அவர் குரல் தாழ்கிறது. போரைக் கண்டித்த பகுதியைச் சீன மொழிபெயர்ப்பாளர் சொல்லாமல் விட்டுவிடுகிறார். ரஷ்யா என்ற பெயரைக்கூடச் சொல்லாத பேச்சு அது. விளையாட்டு விழாவில் ஒலித்த அமைதி என்ற சொல்லையே ஒரு தரப்பின் ஆயுதமாகப் பார்க்கும் அளவுக்கு அந்தக் கண்ணாடி தடித்துவிட்டது. வீட்டில் உட்கார்ந்து பார்த்த சீனக் குடும்பத்துக்கு அதை ஏற்கவும் மறுக்கவும் வாய்ப்பே தரப்படவில்லை.

மக்கள் தாங்களாகவே வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் ரஷ்யாவுக்காக வாதிடுகிறார்களே என்றார் தோழர். வாதிடுகிறார்கள். மறுமொழி சொல்பவரின் வாயைக் கட்டிவிட்டு, மிஞ்சிய குரலை மக்கள் குரல் என்று எப்படி எடுத்துக்கொள்வது? உக்ரைனில் சீனத் தூதராக இருந்த காவ் யூஷெங், ரஷ்யா தோற்றுக்கொண்டிருக்கிறது என்று 2022 மே மாதத்தில் கணித்தார். அவரும் வல்லரசுக் கணக்கைத்தான் போட்டார், விடை மட்டும் வேறாக வந்தது. அதையும் அழித்தார்கள்.

கடைசியாக ஒரு சாதாரண மனிதர். உக்ரைனின் ஒதெசா நகரில் வாழ்ந்த சீன மென்பொருள் பொறியாளர் அவர். ஊரிலிருக்கும் பெற்றோருக்குத் தான் நலம் என்று காட்டவே கைபேசியில் காணொளி எடுக்கத் தொடங்கினார். சன்னலுக்கு வெளியே போர். பார்த்ததைச் சொன்னார், போரைக் கண்டித்தார். துரோகி என்று வசை வந்தது. வீசாட் கணக்கு முடக்கப்பட்டது. மாஸ்கோவுக்கும் வாஷிங்டனுக்கும் நடுவே அந்த மகன் எந்த வல்லரசின் ஆள்? எதிரணித் தோழர் அடுத்துப் பேச எழும்போது இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டுத் தொடரட்டும்.