மூன்று பனங்கொட்டை

(ஆச்சியின் முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திரக் கூட்டத்தில் பேசியது)

சேகர குருவானவர் ஐயா அவர்களே, அவசர வேலையை விட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, நாலாம் வகுப்பில் என் காதைத் திருகியவரும், இன்று எனக்கு முன்னால் பேசி என் பேச்சில் பாதியைச் சொல்லிவிட்டவருமான தலைமையாசிரியர் ஐயா அவர்களே, பெண்கள் ஐக்கியச் சங்கத்துத் தாய்மார்களே, அசனச் சோற்று வாசனையையும் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சபையாரே, எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

ஆச்சியின் ஜெபம், அடுப்படி, கணக்கு என்று மூன்று விஷயம் எழுதி வந்திருக்கிறேன். ஜெபத்தைப் பற்றி ஐயா சொல்லிவிட்டார். நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆச்சியின் வேதப்புத்தகத்தைப் புரட்டினால் 91-ஆம் சங்கீதத்தில் மட்டும் மஞ்சள் கறை இருக்கும். மசாலா அரைத்த கையோடு தொட்டது.

சரி, அடுப்படிக்கு வருகிறேன். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்து ஓலைக் கொட்டானில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். எனக்கு அப்போது எட்டு வயது. தெருவில் ஐஸ்காரர் மணி அடிக்கிறார். கையில் காசு இல்லை, கொட்டானில் அரிசி இருக்கிறது. அவர் அரிசிக்கும் ஐஸ் கொடுப்பார். அப்புறம் என்ன?

சாயங்காலம் ஆச்சி கொட்டானைத் தூக்கிப் பார்த்தாள். "ஏலே, ரெண்டு பிடி குறையுதே?"

"எலி தின்னிருக்கும் ஆச்சி."

"அப்படியா? எலி நாக்கை நீட்டட்டும், பாப்போம்."

நீட்டினேன். திராட்சை ஐஸ். நாக்கு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

அடிக்கவில்லை. ராத்திரி எல்லார் தட்டிலும் சோறு விழுந்தது, என் தட்டில் மட்டும் இல்லை. "எலியே ஜெபம் பண்ணட்டும்" என்றாள். வெறுந்தட்டை வைத்துக்கொண்டு, "ஆண்டவரே, தந்த ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம்" என்று சொன்னேன். தாத்தா சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. பிறகு தன் தட்டில் பாதியை என் தட்டில் தள்ளினாள்.

மறுநாள் விடியற்காலையில் என் கையில் மூன்று பனங்கொட்டை. "கர்த்தருக்குக் கடன்பட்டிருக்க. குளத்தங்கரையில போய் நட்டுட்டு வா." எப்போது காய்க்கும் என்று கேட்டேன். "தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான். நீ நடு, போ."

ஆணா பெண்ணா என்று தெரியவே பன்னிரண்டு, பதினைந்து வருஷம் பிடிக்கிற மரம் அது. பக்கத்தில் இடையன்குடிக் கோயில் கட்டுமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1847-ல் தொடங்கி 1880-ல்தான் பிரதிஷ்டை. கல் சுமந்தவர்களில் எத்தனை பேர் அந்த மணியோசையைக் கேட்டிருப்பார்கள்? பனை வைத்தவன் பார்த்துட்டாவது சாவான். இவர்களில் பலருக்கு அதுவும் இல்லை.

தலைவர் அம்மா இருப்பதால் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பனை நம் மாநில மரம். 2021 வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை என்றார்கள், வெட்டக் கலெக்டர் அனுமதி கட்டாயம் என்றார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் வந்துவிட்டது. ஆனால் குறியீடா பயினி என்கிற பதநீரை இறக்கும்? கருப்பட்டி காய்ச்சும் விடிலியில் அடுப்பு எரிந்த தெருவில் இன்று யார் வீட்டில் பாளை அரிவாள் இருக்கிறது? நான் நட்ட மூன்றில் இரண்டு நிற்கின்றன. மூன்றாவது போன வருஷம் செங்கல் சூளைக்குப் போய்விட்டது. யார் அனுமதி கொடுத்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அசனம் ஆறிவிடும்.

கணக்கைப் பற்றிச் சொல்ல நேரமில்லை, சபை ஊழியர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வாசலில் இரண்டு சாக்குப் பனங்கொட்டை வைத்திருக்கிறேன். சாப்பிட்டுப் போகும்போது ஆளுக்கு மூன்று எடுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியர் ஐயாவுக்கு ஆறு.