வளவுக்குள் ஒரு காலில்லாப் பல்லி

வணக்கம் நேயர்களே. இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் வளவு வைத்திருக்கும் நம்மவர்களிடமிருந்து கோடைகாலத்தில் எனக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புதான் வரும். "இலைதழைக் கழிவை உக்க வைக்கிற கொம்போஸ்ட் குவியலைக் கிளறினேன், உள்ளே பாம்பு படுத்திருக்கிறது." என்ன நிறம், எவ்வளவு நீளம் என்று கேட்பேன். சுண்டுவிரல் பருமன், ஒரு முழ நீளம் இருக்கும், எண்ணெய் பூசினாற்போல மினுங்குகிறது, மண்ணிறம் என்பார்கள். நான் சொல்வதும் ஒன்றுதான்: முதலில் மண்வெட்டியைக் கீழே வையுங்கள்.

அது பாம்பு இல்லை. இங்கே ஸ்லோவேர்ம் என்கிறார்கள். காலில்லாத ஒரு பல்லி. விஷம் கிடையாது, கடிப்பதும் மிக அபூர்வம். 1981ஆம் ஆண்டின் வனவுயிர்ச் சட்டப்படி அதை வேண்டுமென்றே கொல்வது குற்றம். சட்டத்தை விடுங்கள். இரவோடிரவாக உங்கள் கீரைப் பாத்தியை மொட்டையடிக்கிற ஸ்லக் இருக்கிறதே, ஓடில்லாத அந்த நத்தை, அதுதான் ஸ்லோவேர்முக்கு மிகப் பிடித்த சாப்பாடு. இப்படிப்பட்ட காவல்காரனை அடித்துவிட்டுக் கடையில் போய் ஸ்லக் மருந்து வாங்குகிறோம்.

இந்தப் பயம் ஊரிலிருந்து நம்மோடு வந்தது. அரணை கடித்தால் மரணம் என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். அரணைக்கு விஷமே இல்லை. இலங்கையில் நெசியா என்று ஓர் அரணை வகை உண்டு, உலகில் வேறெங்கும் கிடையாது. உக்கிய இலைக்கும் மரக்கட்டைக்கும் அடியில் மண்ணுக்குள் வாழ்கிறது. அதில் சில இனங்களுக்குக் கடுகளவு கால்கள், சிலவற்றுக்குக் காலே இல்லை. நெருக்கமான இடங்களுக்குள் நுழைந்து வாழ்கிற பல்லிகளுக்கு இப்படிக் கால் குறைந்து மறைவது உலகின் பல மூலைகளில் தனித்தனியாக நடந்திருக்கிறது. ஸ்லோவேர்முக்கும் வெளியே கால் இல்லையே தவிர, தோள் எலும்பின் மிச்சமும் இடுப்பெலும்பின் மிச்சமும் உடம்புக்குள் இன்னும் இருக்கின்றன.

சரி, பாம்பில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்கு எங்கள் தெருவில் இருக்கும் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவரின் கதையைச் சொல்லவேண்டும்.

ஓர் ஆகஸ்ட் மாதப் பின்னேரம். "தம்பி, ஓடி வாரும், பாம்பு" என்று வேலிக்கு மேலால் கூப்பிட்டார். போனால், தக்காளிச் செடிகளுக்குப் பக்கத்தில் பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று குந்தியிருந்து முன்னங்காலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தது. ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் பூனையின் நகம் வாலில் மாட்டியது. அவ்வளவுதான், வால் கழன்று தனியே துள்ள ஆரம்பித்தது. "ஐயோ, ரெண்டாப் போச்சுது!" என்று அக்கா கத்திவிட்டார். பூனை துள்ளுகிற வாலைப் பிடித்தது, விட்டது, திரும்பப் பாய்ந்து பிடித்தது. அதற்குள் வாலின் சொந்தக்காரர் சத்தமில்லாமல் ஒரு செங்கல்லுக்கும் சுவருக்கும் இடையில் தலையை நுழைத்துவிட்டார். பூனையைத் துரத்திவிட்டு இரண்டு பேரும் குனிந்து பார்த்தோம். இடுக்குக்குள் தலை மட்டும் தெரிந்தது. அக்கா மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உது கண்ணைச் சிமிட்டுதே!"

அதேதான் அடையாளம். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணை மூடவே மூடாது. நம் வீட்டுச் சுவர்ப் பல்லிக்குக்கூட மூடித் திறக்கிற இமை இல்லை, கண்ணை நாக்கால்தான் நக்கித் துடைக்கும். ஸ்லோவேர்ம் நிதானமாக இமையை மூடித் திறக்கும். இப்போதுதான் வானொலியைப் போட்டவர்களுக்காகத் திரும்பவும் சொல்கிறேன்: கண் சிமிட்டினால் அது பாம்பில்லை.

அந்த வாலைப் பற்றியும் சொல்லவேண்டும். சுவர்ப் பல்லி வாலைப் போட்டுவிட்டு ஓடுவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அதே வித்தைதான், ஆனால் ஸ்லோவேர்முக்கு வால் என்பது உடம்பில் ஏறக்குறையப் பாதி. போன வால் முழுசாகத் திரும்பி வராது, மொட்டையான ஒரு கட்டைமுனை மட்டும் முளைக்கும். அடுத்த பூனைக்குப் போடுவதற்கு மிச்சம் குறைவு. இவை பல ஆண்டுகள் வாழ்கிற பிராணிகள். கோபன்ஹேகனில் வளர்க்கப்பட்ட ஒன்று 54 ஆண்டுகள் உயிரோடு இருந்தது. அவ்வளவு காலம் வாழக்கூடிய ஓர் உயிருக்கு, தப்பிக்கும் இந்த வழி எத்தனை தரம் கைகொடுக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

அதைத் தின்ன வருகிறவர்களின் பட்டியலும் நீளம். மேக்பை என்ற கறுப்பு வெள்ளைப் பறவை, காகம், வல்லூறு, நரி, வளை தோண்டி வாழும் பேட்ஜர், முள்ளெலி. பிறந்த குட்டிகளை பிளாக்பேர்ட் என்ற பறவையும் தேரையும்கூட விழுங்கிவிடும். குட்டிகள் பிறப்பது கோடையின் கடைசியில். ஒரு விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு பொன்னிறம், நடு முதுகில் தலையிலிருந்து வால்வரை ஒரு மெல்லிய கறுப்புக் கோடு. அவ்வளவு அழகு. முள்ளெலி ஒன்று அதைப் பிடித்தால் எனக்கும் மனம் பதறத்தான் செய்யும், ஆனால் நான் குறுக்கே போவதில்லை. முள்ளெலிக்குப் பசி. பூனையின் கதை வேறு. அதற்கு வீட்டில் தட்டு நிறைய சாப்பாடு இருக்கிறது, நாம் வைத்த சாப்பாடு. அதனால் பூனை விஷயத்தில் பொறுப்பு நம்முடையது என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். வெயில் காலத்தில் ஸ்லோவேர்ம் சூடேற வெளியே வந்து கிடக்கிற காலைப் பொழுதிலாவது பூனையை வீட்டுக்குள் வைத்திருங்கள்.

அதைவிட முக்கியம், ஒளிய இடம். அக்கா வெயில் படும் மூலையில் ஒரு பழைய நெளிதகரத்தைத் தரையோடு போட்டார், சுற்றிலும் புல்லை வெட்டாமல் விட்டார். தகரம் சூடாகும், அடியில் உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம், மேலிருந்து மேக்பை பார்க்காது, பூனையின் கையும் எட்டாது. அடுத்த கோடையில் அக்கா போன் எடுத்து, தகரத்துக்கு அடியில் கட்டைவாலோடு ஒன்று கிடக்கிறது என்றார். "எங்கட ஆள்தான்" என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. கம்பளத் துண்டு, தடித்த கறுப்பு பிளாஸ்டிக், எதுவானாலும் போதும். ஒளிய இடம் கொடுங்கள், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

குளிர்காலத்தைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். ஒக்டோபரிலிருந்து மார்ச் வரை அவை உறங்கும், பலதும் உங்கள் கொம்போஸ்ட் குவியலுக்குள்ளேயே. அந்த மாதங்களில் அதில் ஃபோர்க்கைக் குத்தாதீர்கள், ஏப்ரல், மே வரை பொறுங்கள். மெட்டல்டிஹைட் என்ற நஞ்சு கலந்த ஸ்லக் மருந்துக்கு 2022 வசந்தத்திலிருந்து இங்கே தடை. பழைய பெட்டி ஷெட்டில் கிடந்தால் குப்பையில் போடாமல் கவுன்சிலின் அபாயக் கழிவு சேகரிப்பில் கொடுங்கள். அப்புறம், புல் வெட்டும் ஸ்ட்ரிம்மரைப் போடுவதற்கு முன் நீளமான புல்லைக் காலால் ஒருதரம் கிளறிவிடுங்கள், உள்ளே கிடப்பது விலகிப் போகட்டும். நன்றி, வணக்கம்.