ஒரு சிட்டிகை உப்புல அணைஞ்ச நீலம்

வணக்கம் மக்களே! போன வீடியோல டானிக் வாட்டர்ங்கற கசப்பு சோடா புற ஊதா (UV) டார்ச் வெளிச்சத்துல நீலமா ஜொலிச்சதைப் பார்த்தீங்கல்ல? இன்னிக்கு அதை அணைச்சுக் காட்டப் போறேன், வெறும் சமையல் உப்பை வெச்சு.

அதுக்கு முன்னாடி இந்த டார்ச். 650 ரூபா! பெட்டி மேல ஒளியோட அலைநீளம் 365 நானோமீட்டர், அதாவது கண்ணுக்கு அவ்வளவா தெரியாத புற ஊதான்னு கொட்டை எழுத்துல போட்டிருந்துச்சு. ஆன் பண்ணா சுவரெல்லாம் கத்திரிப்பூ கலர். அந்த வெளிச்சத்துல நீலம் அமுங்கியே போச்சு. திருப்பி அனுப்பி, வேற வாங்கி, ஒன்பது நாள் வீணாச்சு. பொய் லேபிள் எனக்கு அறவே ஆகாது. நிஜமான 365-ஐ அடிச்சா சுவர்ல ஒண்ணும் பெருசா தெரியாது, தண்ணி மட்டும் பளீர்னு எரியும். இதோ, இந்தப் புதுசு அப்படித்தான்.

சரி, ஒரு சிட்டிகை உப்பு... மங்குது, மங்குது... போயிடுச்சு! ஆங், சொல்ல மறந்துட்டேன், டானிக்கை முதல்ல நல்லா ஆத்தி கேஸை விட்டுடுங்க. இல்லேன்னா உப்பு விழுந்ததும் பொங்கி வழியும்.

அடுத்த டம்ளர்ல எப்சம் சால்ட், மாடியில ரோஜாவுக்குப் போடறேனே, அதேதான். ஒரு ஸ்பூன் முழுசா. ம்ஹூம், நீலம் அப்படியே நிக்குது. அதுல இருக்கறது மெக்னீசியமும் சல்பேட்டும். ஒருவேளை சோடியம் அணைக்குதோன்னு பொட்டாஷ் உரத்தையும் போட்டேன். அது பொட்டாசியம் குளோரைடு, சோடியம் கிடையாது. அதுலயும் அணைஞ்சுது. ஆக, குளோரைடுதான் ஆளு!

டானிக்ல கசப்புக்குப் போடற குயினைன் புற ஊதா ஒளியை வாங்கி நீலமா திருப்பித் தரும். தர்றதுக்குள்ள குளோரைடு வந்து மோதினா, அந்தச் சக்தி வெப்பமா போயிடும். குயினைன் கெடறதில்ல. உப்பு டம்ளர்ல நிறைய டானிக் ஊத்துங்க, நீலம் திரும்பி வரும்.

உயிர் செல்லுக்குள்ள குளோரைடு எவ்வளவுன்னு பார்க்க எஸ்.பி.கியூன்னு ஒரு சாயம் இருக்கு, அதுக்கும் இதே வேலைதான். கால்சியத்தை அளக்க 1985-ல வேதியியலாளர் ரோஜர் சியென் குழு கொண்டு வந்த ஃபுரா-2ங்கற சாயம் வேற ரகம். கால்சியம் ஒட்டினதும் 380 நானோமீட்டர் ஒளிக்குப் பதிலா 340 நானோமீட்டர் ஒளியை வாங்க ஆரம்பிக்கும். ரெண்டுலயும் அடிச்சு விகிதம் எடுத்தா அளவு கிடைச்சுடும். எனக்கு அதுதான் உசத்தி.

கடைசியா எங்க வீட்டு போர் தண்ணி. கரிக்கும்னு எத்தனை தடவை புலம்பியிருக்கேன்! ஒரு டம்ளர்ல போர், இன்னொண்ணுல டிஸ்டில்டு வாட்டர். ரெண்டுலயும் டானிக் சம அளவு. லைட்டை அணைக்கறேன்... பார்த்தீங்களா? போர் டம்ளர் மங்கல்!