அந்த இருபது ரூபாய் யாருடையது?

நேயர்களுக்கு வணக்கம்.

பொங்கலை ஒட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் எந்த ஸ்டாலில் நின்றாலும், பில் போடுகிற இடத்தில் ஒரு கேள்வி காதில் விழும். "பத்து பர்சென்ட்தானா? இன்னும் கொஞ்சம் குறைச்சுப் போடக் கூடாதா?" கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். பண்டிகைச் செலவு முடிந்த கையோடு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். துணிக்கடையில் ஐம்பது சதவீதம் தள்ளுபடி பார்த்துவிட்டு வந்தவருக்குப் பத்து என்பது சில்லறையாகத்தான் தெரியும்.

நான் ஒரு சிறிய ஊரில் புத்தகக் கடை வைத்திருப்பவன். ஆகவே இந்த விஷயத்தில் நடுநிலையாகப் பேசுவேன் என்று சத்தியம் செய்ய முடியாது. கணக்கை மட்டும் நேர்மையாகச் சொல்கிறேன்.

அட்டையில் 200 ரூபாய் போட்ட ஒரு நாவலை எடுத்துக்கொள்வோம். பதிப்பாளர் என்னைப் போன்ற கடைக்காரருக்கு முப்பது, முப்பத்தைந்து சதவீதம் கழிவு தருவார். முப்பத்தைந்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு 70 ரூபாய், அவருக்கு 130 ரூபாய். எழுத்தாளருக்கு வழக்கமான ராயல்டி பத்து சதவீதம், அதாவது 20 ரூபாய். அதைப் பதிப்பாளர் தன் 130-லிருந்து கொடுக்க வேண்டும். மீதி 110-ல் காகிதம், அச்சு, அட்டை, பிழை திருத்தம், குடோன் வாடகை எல்லாம் அடங்க வேண்டும். புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்று சந்தோஷப்படுகிறோம். காகிதத்துக்கும் அச்சுக்கும் உண்டு. புத்தகத்துக்கு வரி இல்லாததாலேயே, கட்டிய அந்த வரியைப் பதிப்பாளர் திரும்பக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

இப்போது என் 70 ரூபாய்க்கு வருவோம். வாடிக்கையாளருக்குப் பத்து சதவீதம் கொடுத்தால் 20 போயிற்று. மீதி 50-ல் கடை வாடகை, கரண்ட் பில், பையனுக்குச் சம்பளம், பார்சல் லாரிக் கூலி. இதில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பில்லில் வாசகருக்குக் குறைகிற தொகையும் 20 ரூபாய். இரண்டு வருடம் உட்கார்ந்து அந்த நாவலை எழுதியவருக்குக் கிடைப்பதும் அதே 20 ரூபாய். முந்நூறு பிரதி அச்சடித்து, அத்தனையும் விற்றாலும் அவர் கைக்கு வருவது 6000. அதுவும் கணக்குக் கேட்டு வாங்கத் தெரிந்தவராக இருந்தால்!

இதே நாவல் ஆன்லைனில் 150 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வீட்டு வாசலுக்கே வருகிறது என்றால் நான் என்ன செய்ய? எனக்கு அடக்கமே 130. அந்த விலைக்கு விற்றால் 20 ரூபாயில் கடை நடத்த வேண்டும். என் கடையில் புரட்டிப் பார்த்து, அட்டையைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய் ஆன்லைனில் ஆர்டர் போடுகிறவர்கள் உண்டு. கண்டும் காணாததுபோல் இருந்துவிடுவேன்.

அப்படியானால் புத்தகம் விலை குறைவாகவே இருக்கக் கூடாதா? அப்படிச் சொன்னால் நான் படித்து வளர்ந்த கதைக்கே துரோகம். தமிழில் மலிவுப் பதிப்புக்குப் பெரிய மரபு இருக்கிறது. மர்ரே ராஜம் ஏலக் கம்பெனி நடத்தியவர். 1950-களில் அறிஞர்களை ஒரு குழுவாகச் சேர்த்து, சங்க இலக்கியத்தையும் கம்பராமாயணத்தையும் சாதாரண வாசகருக்குப் புரிகிற மாதிரி சந்தி பிரித்து, மிகக் குறைந்த விலைக்குப் போட்டார். அப்புறம் சோவியத் புத்தகங்கள். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் மீரும் அச்சிட்ட கெட்டி அட்டைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றது. டால்ஸ்டாயும் செகாவும் மாதச் சம்பளக்காரர் வீட்டு அலமாரிக்குள் வந்தது அப்படித்தான். என் கடையில் இன்றைக்கும் பழைய ராதுகா பிரதி ஒன்று வந்தால் மாலைக்குள் போய்விடும்.

அந்த மலிவு எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. ராஜம் தன் தொழிலில் சம்பாதித்ததைப் போட்டார். சோவியத் அரசு தன் கஜானாவிலிருந்து போட்டது. 1991-ல் அந்த நாடு கலைந்ததும் அந்த விலையும் போயிற்று. மலிவு விலைக்குப் பின்னால் மனமறிந்து பணம் போட்ட ஒருவர் இருந்தார். இன்றைய தள்ளுபடியில் அப்படி யாரும் இல்லை. கடைக்காரரிடமும் எழுத்தாளரிடமும் கேட்காமலே எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு இருக்கிற சண்டை அதோடு மட்டும்தான்.

"பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் இவ்வளவு குறைந்த விலைக்குத் தருகிறார்களே, உங்களுக்கு மட்டும் ஏன் கட்டுப்படி ஆகவில்லை?" என்று என்னிடம் கேட்காத ஆளில்லை. கல்கியின் எழுத்து 1999-ல் நாட்டுடைமை ஆனது. அதற்கு அரசு பரிவுத்தொகை கொடுத்துவிட்டது. இனி யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், ராயல்டி கிடையாது. ஆயிரக்கணக்கில் ஓடும் என்று தெரிந்து அடிப்பதால் பிரதிக்கான அச்சுச் செலவும் இறங்கிவிடும். நல்லதுதான். ஆனால் போட்டி விலையில் மட்டும் நடக்கும்போது முதலில் வெட்டு விழுவது பிழை திருத்துபவர் சம்பளத்தில். சில பதிப்புகளைத் திறந்தால் வந்தியத்தேவன் பெயரே பக்கத்துக்கு ஒரு மாதிரி இருக்கிறது. உயிரோடு இருந்து, இப்போது எழுதிக்கொண்டிருக்கும் ஒருவரின் முதல் நாவலை இந்த விலையோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

வெளிநாட்டில் இதற்கு என்ன செய்தார்கள் என்று பார்த்தால் பிரான்ஸ்தான் முதலில் நினைவுக்கு வரும். அங்கே 1981-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். அன்றைய கலாசார அமைச்சர் ஜாக் லாங் பெயரில் லாங் சட்டம் என்பார்கள். புதுப் புத்தகத்தின் விலையைப் பதிப்பாளர் நிர்ணயிப்பார். யார் விற்றாலும் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைக்கக் கூடாது. பெரிய சங்கிலிக் கடைக்கும் தெருமுனைக் கடைக்கும் ஒரே விலை. பிற்பாடு ஆன்லைன் கம்பெனிகள் தபால் செலவு இலவசம் என்று புகுந்தன. தள்ளுபடியோடு இலவச டெலிவரியும் சேர்த்துத் தரக் கூடாது என்று 2014-ல் தடுத்தார்கள். உடனே அமேசான் தபால் செலவு ஒரு சென்டிம் என்று வைத்தது, அதாவது ஒரு யூரோவில் நூற்றில் ஒரு பங்கு! கடைசியில் 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைந்த ஆர்டருக்கு 3 யூரோவாவது தபால் செலவு வாங்கியே ஆக வேண்டும் என்று விதி வந்தது.

பிரிட்டனில் நேர் எதிர். அட்டை விலைக்குக் குறைத்து விற்பதில்லை என்று பதிப்பாளர்களும் கடைக்காரர்களும் 1900-லிருந்து வைத்திருந்த ஒப்பந்தம் 1990-களில் உடைந்தது. 2007-ல் ஹாரி பாட்டர் கடைசிப் புத்தகம் வந்தபோது அட்டை விலை 17.99 பவுண்டு. ஆஸ்டா சூப்பர் மார்க்கெட்டில் 5 பவுண்டு. பாலும் ரொட்டியும் வாங்கக் கூட்டம் வர வேண்டும் என்று நஷ்டத்துக்கு விற்றார்கள். ரொட்டி விற்காத புத்தகக் கடைக்காரர் எந்த லாபத்தில் அதை ஈடுகட்டுவார்?

நம் ஊருக்குச் சட்டம்தான் வேண்டும் என்று நான் அடம்பிடிக்கவில்லை. சென்னைப் புத்தகக் காட்சியை நடத்தும் பதிப்பாளர், விற்பனையாளர் சங்கமான பபாசி அங்கே கடைப்பிடிக்கிற அந்தப் பத்து சதவீத வழக்கத்தையே, புது நூல்களுக்கு முதல் ஒரு வருடமாவது எல்லா இடத்துக்கும் பொதுவாக வைத்தால் போதும். அதிகத் தள்ளுபடிக்கு இடம் விட்டு அட்டை விலையை முதலிலேயே ஏற்றி அச்சடிக்கிற வேலையும் குறையும்.

சரி, 180 ரூபாயும் கொடுக்க முடியாதவர் என்ன செய்வார்? அவருக்குத்தான் நூலகம். இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலங்களில் முன்னால் நிற்பது நாம், 1948-லேயே வந்துவிட்டது. சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டுகிறோம். மாநிலத்தில் 4000-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. நூலகங்களுக்காக அரசு புத்தகம் வாங்கும் நூலக ஆணை ஒழுங்காக வந்து, அதற்குக் கொடுக்கும் விலை காகித விலையோடு சேர்ந்து ஏறி, பணமும் தாமதமில்லாமல் வந்தால், ஒரு நூலுக்கு ஆயிரம் பிரதி நிச்சயம் என்ற நம்பிக்கை பதிப்பாளருக்கு வரும். முந்நூறுக்குப் பதில் இரண்டாயிரம் அடிப்பார். கடையில் விற்கிற பிரதியின் விலையும் தானாகவே இறங்கும். வாசகருக்கு இலவசம், எழுத்தாளருக்கு ராயல்டி, எனக்கும் கடை. டெலிகிராமில் பிடிஎஃப் அனுப்பிவிட்டு "அறிவு எல்லோருக்கும் பொது" என்று கீழே எழுதுகிறவர்கள், அந்த ஆர்வத்தைக் கொஞ்சம் உள்ளூர் நூலகரிடம் காட்டலாம். எந்தப் புத்தகம் வேண்டும் என்று அங்கே கேட்டு எழுதிக் கொடுக்கலாம், அதற்குக் காசும் கேட்க மாட்டார்கள்.

நன்றி, வணக்கம்.